கல்வித்தரம் காத்த சி. டி. தேஷ்முக்

மகாராட்டிர மாநிலத்தில் மகாத் நகருக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில், 1896ஆம் ஆண்டு பிறந்தவர் சிந்தாமன் துவாரகாநாத் தேஷ்முக். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்ற இவர், 1918இல் இந்தியக் குடிமைப்பணித் தேர்வில் முதலிடம் பெற்றார். 1943இல் இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் இவரே.

1950இல் நடுவண் அரசின் நிதியமைச்சரானார். பம்பாய் நகரை மகாராட்டிரத்தினின்றும் பிரிக்கும் திட்டத்திற்கு உடன்பட மனமின்றி, 1956இல் அப்பதவியைத் துறந்தார். அவ்வாண்டே பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர் பொறுப்பு அவரை வந்தடைந்தது.

அக்குழு, டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான கல்விக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1953இல் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் அரசாணையே அதற்கு அடிப்படை. ஓர் ஆணையை மற்றோர் ஆணை மாற்றிவிடலாம். 1956இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதனை நிலைத்த அமைப்பாக்கியது. பல்கலைக்கழகங்களுக்கு நிதி நல்குதலும், கற்பித்தல், தேர்வு, ஆராய்ச்சி ஆகியவற்றின் தரம் பேணுதலும் அதன் கடமைகளாயின. நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம் என அச்சட்டம் வரையறுத்தது.

நாட்டின் கருவூலத்தைக் காத்த தேஷ்முக், 1961 வரை இக்குழுவை வழிநடத்தினார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1958இல் நிகர்நிலைத் தகுதி பெற்றது இவர் காலத்திலேயே ஆகும். பின்னர் 1962 முதல் 1967 வரை தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணியாற்றினார். வடமொழிப் புலமை மிக்க இவர், காளிதாசரின் மேகதூதத்தை மராத்தியில் பெயர்த்தார். சென்னையில் ஆந்திர மகிள சபையை நிறுவிய துர்காபாய் இவர்தம் துணைவியார். 1982ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஐதராபாத்தில் தேஷ்முக் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! சட்டத்தின் ஒப்புதல் பெறாத நிறுவனம் அளிக்கும் பட்டம், எத்துணை அழகாக அச்சிடப்பெற்றிருப்பினும், வெறும் தாளே. நாளை நீங்கள் உயர்கல்வி நிறுவனத்தில் சேரும்போது, பட்டம் வழங்கும் உரிமை அதற்கு உண்டா என முதலில் அறிந்துகொள்க.

சொற்பொருள்
நடுவண் – மத்திய
நல்குதல் – அளித்தல்
பேணுதல் – காத்தல்
எத்துணை – எவ்வளவு

வினாக்கள்
1. தேஷ்முக் நிதியமைச்சர் பதவியைத் துறந்தது ஏன்?
2. அரசாணையால் அமைந்த குழுவிற்கும் சட்டத்தால் அமைந்த குழுவிற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. பட்டம் வழங்கும் உரிமை எவற்றுக்கு உண்டு?