வர்ணம் பூசிய கைகள் பிரித்தெடுத்த ஒற்றைக் கலம்

எமில் கிறிஸ்தியான் ஹன்சன் (1842 – 1909)

ஹேர்னிங், டென்மார்க்:

டெனிஷ் மொழியிலே 'கிட்டெல்' என்றொரு சொல் உண்டு. மருத்துவர் அணியும் வெள்ளை அங்கிக்கும் அதுவே பெயர். ஆய்வுகூடத்து விஞ்ஞானியின் மேலங்கிக்கும் அதுவே பெயர். தொழிற்சாலைத் தொழிலாளர் தம் உடுப்பின்மேல் அணியும் அங்கியையும், வீடுகளுக்கு வர்ணம் பூசுவோரின் தளர்ந்த மேற்சட்டையையும் இந்நாட்டவர் அச்சொல்லாலேயே குறிப்பர். எம்மிடையே இவை வெவ்வேறு பெயர் பெறுவன. வெவ்வேறு மதிப்பும் பெறுவன. வெள்ளை அங்கி என்றதும் ஊரிலே எம்மவர் மனத்தில் எழுந்தது, மருத்துவபீடம் புகுந்த பிள்ளையின் தோற்றமேயாகும். எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து மத்திய யூலன்டுக்கு வந்து சேர்ந்த தமிழர் பலருக்கோ அவ்வங்கி தொழிற்சாலை வாயிலிலே கிடைத்தது. ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் இருந்தவர்கள் அதனை அணிந்துகொண்டு இயந்திரங்களின் முன் நின்றனர். தாம் எங்கிருந்து எங்கு வந்து வீழ்ந்தோம் என்ற ஏக்கம் அவர்களுட் பலரை விட்டு அகலவில்லை.

தொழிலாளியின் உலகத்தையும் ஆய்வுகூடத்தின் உலகத்தையும் ஒரே வாழ்விலே கண்ட ஒருவர் இதே யூலன்டிற் பிறந்தார். ஹேர்னிங்குக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில், டென்மார்க்கின் மிகப் பழைய நகரமாகிய ரீபே உள்ளது. எமில் கிறிஸ்தியான் ஹன்சன் அங்கே 1842 மே 8ஆம் நாள் பிறந்தார்.

வறுமையும் வர்ணமும்

தந்தையார் பிரெஞ்சு அந்நியர் படையிலே பணிபுரிந்து மீண்டவர், ஊர் ஊராகச் சென்று வீடுகளுக்கு வர்ணம் பூசிப் பிழைத்தவர், குடிப்பழக்கத்துக்கும் ஆளானவர். தாயார் பிறர் வீட்டு அழுக்குத் துணிகளை வெளுத்துக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். இத்தகைய குடும்பத்தின் பிள்ளை உயர்கல்வி பெறுவது அந்நாளைய டென்மார்க்கில் எளிதன்று. இலத்தீனும் பிறமொழிகளும் கற்பிக்கும் பள்ளிகள் வசதியுள்ளோர்க்கே உரியனவாயிருந்தன. மகனும் தந்தையின் தொழிலையே கற்று, 1860இல், பதினெட்டு வயதில், தேர்ந்த வர்ணப் பூச்சாளரானார்.

ஆயினும் அவர் மனம் சுவரோடு நின்றுவிடவில்லை. நடிகராக வேண்டும், ஓவியராக வேண்டும் என்ற ஆசைகள் எழுந்து அடங்கின. பின்னர் செலாந்துத் தீவின் நாட்டுப்புறத்திலே ஆசிரியத் தொழில் மேற்கொண்டார். அங்கேதான் செடிகளிலும் பங்கசுகளிலும் அவருக்கு ஈடுபாடு பிறந்தது. பள்ளிப் பாடங்களைத் தாமே கற்று, 1871இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்விற் சித்தியெய்தினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. உடன் தேறியவர்களுட் பலர் அவரினும் பத்து வயது இளையவராய் இருந்திருப்பர்.

கொப்பன்ஹேகனில் படிப்புச் செலவுக்காகக் கதைகள் எழுதி விற்றார். விலங்கியற் பேராசிரியர் யாப்பெத்துஸ் ஸ்டீன்ஸ்ட்ருப்பிடம் ஊதியமின்றி உதவியாளராய்ப் பணிபுரிந்தார். சாள்ஸ் டார்வினின் கடற்பயண நூலை, நண்பர் அல்பிரெட் யோர்கன்சனோடு சேர்ந்து டெனிஷ் மொழிக்குப் பெயர்த்தார். அது 1876இல் வெளிவந்தது. அதே ஆண்டில், சாணத்தில் வளரும் பங்கசுகள் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்குப் பல்கலைக்கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. மேட்டுக்குடியினர் முகஞ்சுளிக்கும் பொருளை ஆராய்ந்தே அவர் கல்வியுலகிற் பெயர் பெற்றார்.

யாக்கப்சன் என்ற ஆலையதிபர்

1864ஆம் ஆண்டுப் போரிலே டென்மார்க் தன் தென்பகுதி நிலங்களைப் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் இழந்தது. புதிய எல்லைக்கோடு ரீபே நகருக்குச் சற்றுத் தெற்கே வந்து நின்றது. வெளியே இழந்ததை உள்ளே உழைத்து ஈட்ட வேண்டும் என்ற உணர்வு அதன்பின் நாடெங்கும் பரவியது. ஹேர்னிங்கைச் சூழ்ந்திருந்த பயனற்ற புதர்நிலங்களை விளைநிலமாகவும் காடாகவும் மாற்றும் பெருமுயற்சி 1866இல் தொடங்கியதும் அவ்வுணர்வினாலேயே.

தொழிற்றுறையில் அக்காலத்துப் பெருமனிதர்களுள் ஒருவர் கால்ஸ்பேர்க் பியர் ஆலையின் நிறுவுநரான ஜே. சி. யாக்கப்சன். 1845இல் அவர் மியூனிச் நகரின் செடில்மாயர் ஆலையிலிருந்து இரு பாத்திரங்களில் மதுவம் பெற்று, குதிரை வண்டி தரித்த இடங்களிலெல்லாம் குளிர்நீர் ஊற்றிக் காத்து, உயிரோடு கொப்பன்ஹேகன் கொண்டுவந்து சேர்த்தார் என்பர். மதுவம் என்பது கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைக்கல உயிரி. அப்பமாவைப் புளித்துப் பொங்கச் செய்வதும், பனங்கள்ளை நுரைக்கச் செய்வதும், பாண்மாவை உப்பச் செய்வதும் இவ்வினத்தனவே.

யாக்கப்சன் 1875இல் தம் ஆலையோடு ஓர் ஆய்வுகூடத்தை அமைத்தார். 1876இல் அதனைப் பேண ஓர் அறநிதியத்தை நிறுவி, அரச டெனிஷ் விஞ்ஞானக் கழகத்தின் பொறுப்பில் விட்டார். ஆய்வுகூடத்திற் கண்டறியப்படும் பயனுள்ள எதனையும் மறைத்து வைத்தலாகாது என்பது அவர் விதித்த நெறி. வணிகர் ஒருவர் தம் பணத்திற் பிறந்த அறிவைப் போட்டியாளருக்கும் திறந்து வைக்கச் சம்மதித்தது அரிய செயலாகும்.

ஹன்சன் 1877இல் கால்ஸ்பேர்க்கில் ஆய்வுப்பணி தொடங்கினார். பியரில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வேட்டுக்காக 1879இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே உடற்றொழிலியல் பகுதியின் தலைவராகி, இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

ஒரு கலத்திலிருந்து ஒரு குலம்

அந்நாளில் பியர் ஆலைகளைப் பெரிதும் வருத்திய சிக்கல் ஒன்று இருந்தது. முறை மாறாது செய்யினும் சில தடவைகளில் பியர் கசந்தும் நாறியும் கெட்டது. பற்றீரியா என்னும் நுண்ணுயிர்களே இதற்குக் காரணம் என்று பிரான்சின் லூயி பாஸ்ரர் 1876இல் வெளியிட்ட நூலிலே காட்டியிருந்தார். பாஸ்ரரின் சொல்லை மறுப்பது அன்று எவர்க்கும் எளிதன்று.

ஹன்சன் வேறொரு காரணத்தையும் கண்டார். நல்ல மதுவத்தோடு காட்டு மதுவங்கள் கலந்துவிடுவதாலும் பியர் கெடும் என்றார். நுணுக்குக்காட்டியில் நோக்கினால் இரண்டும் ஏறத்தாழ ஒரே வடிவின. தோற்றத்தால் வேறுபடுத்தல் அரிது. ஆதலின் ஒரே ஒரு கலத்தைத் தனித்தெடுத்து, அதன் வழித்தோன்றல்களை மட்டும் பெருக்கி, அவற்றின் நடத்தையை ஆராய வேண்டும் என அவர் முடிவுசெய்தார்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தனியே எடுப்பது எங்ஙனம்? அவர் கையாண்ட முறை எளியது. ஆனால் மிகுந்த பொறுமையை வேண்டியது. மதுவம் கலந்த நீரைத் தூய நீரால் மேன்மேலும் ஐதாக்கினார். நுணுக்குக்காட்டியின் கீழ்க் கலங்களை எண்ணி, இரண்டு துளிக்கு ஒரு கலமே இருக்கும் அளவுக்குக் கொணர்ந்தார். பின்னர் தூய சாறு நிரம்பிய குடுவைகள் பலவற்றிலே துளிக்கு ஒன்றாய் இட்டு, நன்கு குலுக்கி, அசையாது வைத்தார். நாட்கள் சில கழிந்தபின் சில குடுவைகளில் ஏதும் வளரவில்லை. சிலவற்றின் சுவரிலே பல வெண்புள்ளிகள் தோன்றின. ஒரே ஒரு புள்ளி தோன்றிய குடுவையையே அவர் தெரிந்தெடுத்தார். ஒரு புள்ளியெனில் அது ஒரு கலத்திலிருந்து பெருகிய குலம் எனக் கொள்ளலாம்.

இவ்வாறு பிரித்த வகைகளைத் தனித்தனியே சோதித்து, நல்ல பியர் தரும் வகை ஒன்றைத் தெரிவுசெய்தார். ஐயத்தோடு தொடங்கிய யாக்கப்சன், சான்றுகளைக் கண்டபின் மனம் மாறினார். 1883 நவம்பர் 12ஆம் நாள் பழைய கால்ஸ்பேர்க் ஆலையில் அத்தூய மதுவம் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. வெளிக்காற்றுப் படாது மதுவத்தைப் பெருக்கும் மூடிய கலன் ஒன்றையும் ஹன்சன், ஆலை நிர்வாகி கூலேயுடன் இணைந்து அமைத்தார். குடியாற் சீரழிந்த தந்தையின் மகனே பியர்த் தொழிலைக் காத்தார் என்பது முரணாகத் தோன்றலாம். அவரது கவனம் குடியின்மேல் இருக்கவில்லை; உயிரியின்மேலேயே இருந்தது.

இம்முறையைப் பூட்டி வைத்திருந்தால் கால்ஸ்பேர்க் பெரும்பொருள் ஈட்டியிருக்கும். யாக்கப்சன் தம் நெறியினின்றும் வழுவவில்லை. முறையும் வெளியிடப்பட்டது, கேட்ட ஆலைகளுக்கு மதுவமும் கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. மியூனிச்சிலிருந்து கைப்பொதியிலே வந்த மதுவம், தூய்மை பெற்றுத் தான் புறப்பட்ட நாட்டுக்கும் திரும்பியது.

காட்டு மதுவம் எங்கே வாழ்கின்றது என்ற வினாவையும் ஹன்சன் விட்டுவைக்கவில்லை. கோடையிலே இனிய கனிகளின்மேல் வாழும் ஒருவகை மதுவம், பனிக்காலத்தை அம்மரங்களின் அடிமண்ணிலே கழித்து, அடுத்த பருவத்திலே மீண்டும் கனிகளை அடைகின்றது என்பதை 1881இல் நிறுவினார். மழையும் காற்றும் பூச்சிகளும் அதற்கு வாகனமாயின.

கறுப்பு அங்கி வெள்ளையான காலம்

ஹன்சன் உழைத்த அதே ஆண்டுகளிலேதான் மருத்துவரும் விஞ்ஞானியரும் உடை மாற்றினர். அதற்கு முன்னர் மருத்துவரின் உடை கறுப்பு. அமெரிக்க ஓவியர் தோமஸ் ஈக்கின்ஸ் 1875இல் தீட்டிய அறுவை மருத்துவக் காட்சியிலே மருத்துவர்கள் கறுப்பு மேற்சட்டையோடு நிற்கின்றனர். 1889இல் அவரே தீட்டிய இன்னொரு காட்சியில் அவர்கள் வெள்ளை அணிந்துள்ளனர். பின்லாந்தின் எடெல்பெல்ற் 1885இல் தீட்டிய ஓவியத்திலே பாஸ்ரர் ஆய்வுகூடத்தில் இருந்தும் கருநிற உடையே தரித்திருக்கின்றார்.

மாற்றத்துக்குக் காரணம் அலங்காரம் அன்று. கண்ணுக்குத் தெரியாத உயிர்களே நோய்க்கும் அழிவுக்கும் காரணம் என்ற அறிவு பரவியது. 1867இல் ஜோசப் லிஸ்ரர் புண்களைக் கிருமியினின்று காக்கும் முறையை வெளியிட்டார். வெள்ளைத் துணியிலே அழுக்கு உடனே தெரியும். கொதிநீரிலிட்டு வெளுக்கவும் முடியும். தொடக்கத்தில் அது துப்புரவுக்கான கருவி. மதிப்பின் அடையாளமானது பின்னரே. அதே காரணத்தாலேயே அது பாலாலைக்கும் இறைச்சி ஆலைக்கும் சென்றது. மருத்துவரின் அங்கியும் ஆலைத் தொழிலாளியின் அங்கியும் ஒரே அறிவின் பிள்ளைகள்.

துப்புரவு பற்றிய அறிவு வளர்ந்தபோது அங்கியின் நிலையும் மாறியது. நீண்ட கையின் விளிம்பே கிருமிகளைச் சுமக்கும் எனக் கருதி, பிரித்தானியா 2007இலும் டென்மார்க் 2011இலும் நோயாளரைப் பராமரிப்போர்க்குக் குட்டைக் கையுடையை வலியுறுத்தின. ஹேர்னிங்குக்கு மேற்கே கோஸ்ட்ருப்பில் 2022இல் திறக்கப்பட்ட மருத்துவமனை போன்ற இடங்களிலே பழைய நீண்ட அங்கியோடு மருத்துவரைக் காண்பது அரிது.

இறுதி ஆண்டுகள்

ஹன்சன் ஆராய்ந்த பியர் மதுவத்துக்கு 1908இல் அவரே கால்ஸ்பேர்க்கின் பெயரைச் சூட்டினார். 1909 ஓகஸ்ட் 27ஆம் நாள் காலமானார். அமிலத் தன்மையை அளக்கும் பிஎச் அளவுகோலை அவரது சக ஆய்வாளர் சோரன்சன் அதே ஆய்வுகூடத்திலிருந்து உலகுக்கு அளித்ததும் அவ்வாண்டிலேதான். ஹன்சனின் பெயரால் அமைந்த நிதியம் நுண்ணுயிரியல் அறிஞர்களுக்குப் பதக்கம் வழங்கிவந்தது.

அவர் காலத்தின் பின்னர் தெரியவந்த ஒரு செய்தியையும் இங்கே குறிப்பிடல் தகும். தூய்மையின் இலக்கணமாகக் கொள்ளப்பட்ட அம்மதுவம் உண்மையிலே கலப்பினம். அதன் பெற்றோருள் ஒன்று பாண் தயாரிப்போர் நன்கறிந்த மதுவம். மற்றையது, 2011இல் தென்னமெரிக்காவின் பற்றகோனியக் காடுகளிலே அடையாளங் காணப்பட்ட காட்டு மதுவம். ஹன்சனின் முறையை இது பொய்யாக்கவில்லை. தூய்மை என்று அவர் நாடியது குலப்பெருமையை அன்று. எடுத்த கலம் எதுவோ அதுவன்றிப் பிறிது கலவாமையையே.

அவருடைய வாழ்விலே எம்மவர் கருதத் தக்கது, அவர் எட்டிய பதவி மட்டுமன்று. இருபத்தொன்பது வயதிலே தேர்வு மண்டபத்துள் நுழைந்தபோது, வர்ணப் பூச்சாளராய் இருந்த ஆண்டுகளை அவர் வீணென எறிந்துவிடவில்லை என்றே கொள்ளலாம். கை பழகிய நிதானமும் கண்ணின் கூர்மையும் ஒரு துளி நீரிலே ஒரு கலத்தைத் தேடியவர்க்கு இன்றியமையாதவை. தையலாலைகள் பல தொண்ணூறுகளிலே கிழக்கு நாடுகளுக்கு இடம்பெயர்ந்தபின், ஹேர்னிங் வட்டாரத்திலே வேறு தொழில் தேட நேர்ந்தோர்க்கும், மாலைநேர வகுப்பிலே நரைத்த தலையோடு இலக்கணம் படித்தோர்க்கும் ரீபே நகரத்துத் தொழிலாளியின் கதை அயலாரின் கதையன்று.