பாரதத்துக்கு வசனம் எழுதிய கங்கைக்கரைக்காரர்

1988ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, தூரதர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' தொடர் ஆரம்பமாயிற்று. 1990 ஜூன் 24ஆம் தேதி வரை, 94 பகுதிகள். அந்த ஒரு மணி நேரம் கடைத்தெருக்கள் வெறிச்சோடின. இந்தி அறியாதவர்களும் பெட்டியின் முன் உட்கார்ந்தார்கள். தொடரின் பெயர்ப் பட்டியலில், திரைக்கதை வசனம் என்ற இடத்தில் வந்த பெயரைப் பார்த்துப் பலர் புருவத்தை உயர்த்தினார்கள். டாக்டர் ராஹி மாசூம் ரசா என்பது அந்தப் பெயர். கிருஷ்ண பரமாத்மா பேசப்போவது ஒரு முஸ்லிம் எழுதிய வசனத்தையா என்ற கேள்வி, தொடர் வெளிவருவதற்கு முன்பே எழுந்துவிட்டது.

சையத் மாசூம் ரசா 1927ல் பிறந்தவர். உத்தரப் பிரதேசத்தின் கிழக்குக் கோடியில், கங்கை பாயும் காஜிப்பூர் மாவட்டத்தில் உள்ள கங்கௌலி அவருடைய சொந்த ஊர். ஷியா பிரிவைச் சேர்ந்த ஜமீன்தார் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது. தந்தை காஜிப்பூரில் பெயர் பெற்ற வக்கீல். புவியியல் அறிஞராகி, பிற்காலத்தில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய மூனிஸ் ரசா இவருடைய அண்ணன். வழிப்போக்கன் என்று பொருள்படும் 'ராஹி' கவிதைக்காக இவராகவே சூட்டிக்கொண்ட பெயர்.

சிறு வயதில் வந்த நோய் ஒரு காலைப் பாதித்தது. ஆயுள் முழுவதும் சற்றுச் சாய்ந்தபடியே நடந்தார். படுக்கையில் கிடந்த அந்த நாட்களில் பையனுக்குக் கதை சொல்வதற்கென்றே வீட்டில் ஓர் ஆளை அமர்த்தியிருந்தார்களாம். கதைக்குள் கதையாகக் கிளைத்து, மாயமும் மந்திரமுமாக முடிவில்லாமல் போகும் 'திலிஸ்மே ஹோஷ்ரூபா' என்ற உருதுப் பெருங்கதை அப்போது அவர் காதில் விழுந்தது. பின்னாளில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ததும் அதே கதையைத்தான்.

காதில் விழுந்த இன்னொன்று மர்சியா. கர்பலாப் போர்க்களத்தில் இமாம் ஹுசைனும் அவருடைய சுற்றத்தாரும் மாண்டதைச் சொல்லி, மொகரம் நாட்களில் ஓதப்படும் இரங்கற்பா அது. தண்ணீரின்றி வாடும் குழந்தைகள், ஒருவர் பின் ஒருவராகக் களத்துக்கு விடைபெற்றுப் போகும் இளைஞர்கள், பின்னால் நின்று புலம்பும் பெண்கள் என்று கேட்போர் நெஞ்சை அறுக்கும். கங்கௌலியின் மொகரம் ஊரே கூடி அழும் திருநாளாக இருந்தது. குருக்ஷேத்திரத்தை எழுத இதைக் காட்டிலும் நல்ல பயிற்சி வேறு எங்கே கிடைத்திருக்கும்?

வாலிபத்தில் பொதுவுடைமைக் கொள்கை அவரை ஈர்த்தது. அந்த நாளைய ஒரு சம்பவத்தைக் காஜிப்பூரில் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நகராட்சித் தலைவர் தேர்தல் வந்தது. காங்கிரஸ் சார்பில் நின்றவர் இவர்களுடைய தந்தை. எதிர்த்து நின்றவர் பப்பர் ராம் என்ற ஏழைக் கம்யூனிஸ்ட் தொண்டர். அண்ணனும் தம்பியும் பெற்ற தகப்பனுக்கு எதிராகத் தெருத்தெருவாகப் பப்பர் ராமுக்கு வோட்டுக் கேட்டார்கள். தகப்பனார் தோற்றார். தர்மம் ஒரு பக்கம், உறவு ஒரு பக்கம் என்று வரும்போது என்ன செய்வது என்ற அர்ச்சுனன் சங்கடம் அவருக்கு ஏட்டுச் சுரைக்காயாக இருந்ததில்லை.

அலிகரில் உருது கற்பித்து வந்த காலத்தில், 1966ல், 'ஆதா காவ்' என்ற இந்தி நாவல் வெளிவந்தது. பாதி ஊர் என்று பொருள். ஊர் வேறு எதுவுமில்லை, கங்கௌலியேதான். மொகரமும், மாமன் மச்சான் சண்டையும், வயல் வரப்பு வழக்குமாக இருக்கும் அந்த ஊருக்குள் பாகிஸ்தான் என்ற சொல் வந்து நுழைகிறது. அலிகரிலிருந்து மாணவர்கள் வந்து முஸ்லிம் லீகுக்கு வோட்டுக் கேட்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கோ விளங்கவில்லை. நம் வீடும், நம் பெரியவர்களின் கல்லறையும் இங்கே இருக்க, நமக்கென்று வேறொரு தேசம் எங்கோ எதற்கு என்று கேட்கிறார்கள். கடைசியில் பிரிவினையும் வருகிறது, ஜமீன் ஒழிப்பும் வருகிறது. பிள்ளைகள் எல்லை தாண்டிப் போகிறார்கள். பெரிய வீடுகளில் கிழவர்களும் பெண்களும் மிஞ்சுகிறார்கள். இந்திய நாவல்களில் பிரிவினையைப் பற்றி ரத்தம் சொட்டச் சொட்ட எழுதியவர்கள் உண்டு. ரத்தம் சிந்தாத ஓர் ஊர் எப்படிச் செத்தது என்று எழுதியவர் இவர். பாத்திரங்களின் வசவுகளை அப்படியே போட்டதால் ஆபாசம் என்ற கூச்சலும் கிளம்பியது. ஜோத்பூர் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்தபோது பெரிய எதிர்ப்பு வந்தது.

திருமணத்தை ஒட்டி எழுந்த சச்சரவினால் அலிகரில் இருப்பது கடினமாயிற்று. அறுபதுகளின் பிற்பகுதியில் பம்பாய் வந்து சேர்ந்தார். பிழைப்புக்காகச் சினிமா வசனம் எழுதலானார். 'மிலி', 'கோல்மால்', 'கர்ஸ்' என்று படங்கள் குவிந்தன. 'மைன் துளசி தேரே ஆங்கன் கீ' படத்துக்கும் 'தவாயிஃப்' படத்துக்கும் பிலிம்பேர் பரிசு பெற்றார். இடையிடையே நாவலும் வந்துகொண்டிருந்தது.

பி.ஆர். சோப்ராவும் பிரிவினையில் லாகூரை விட்டு வந்தவர். மகாபாரதத்தை எடுக்க முடிவு செய்ததும் அவர் ரசாவைத்தான் அழைத்தார். சினிமா வேலைகளுக்கு நடுவே நேரமில்லை என்று ரசா மறுத்துவிட்டார். ஆனாலும் சோப்ரா பத்திரிகைக்காரர்களிடம் ரசாவின் பெயரையே வசனகர்த்தாவாக அறிவித்துவிட்டார். உடனே கடிதங்கள் வரத் தொடங்கின. ஒரு முஸ்லிமிடம் இந்த வேலையைக் கொடுக்கும் அளவுக்கு நாட்டில் இந்துக்கள் அத்தனை பேரும் இறந்து போனார்களா என்று சில கடிதங்கள் கேட்டன. சோப்ரா ஒன்றும் பேசாமல் அவற்றைக் கட்டி ரசாவுக்கு அனுப்பி வைத்தார். மறுநாளே ரசாவிடமிருந்து பதில் வந்தது. தான் கங்கையின் பிள்ளை என்றும், இந்த நாட்டின் பண்பாட்டை அறிந்த தானே மகாபாரதத்தை எழுதப்போவதாகவும் அவர் தெரிவித்தார். நேரமில்லாதவருக்கு நேரம் கிடைத்துவிட்டது.

கம்பனில் தோய்ந்த நீதிபதி மு.மு. இஸ்மாயிலை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் வடநாட்டில் அயோத்திப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை என்பதை மறக்கலாகாது.

வேலை ரசா ஒருவருடையது மட்டும் அல்ல. பண்டித நரேந்திர சர்மா ஆலோசகராக இருந்து பாடல்களும் எழுதினார். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1989ல், அவர் காலமானார். இருப்பினும் நேயர்களின் காதில் நின்றது ரசாவின் மொழிதான். உருதுச் சொல் தலைகாட்டாத இந்தியில் எழுத வேண்டும், பாமரனுக்கும் புரிய வேண்டும். அவர் கண்ட வழி சாமர்த்தியமானது. பிதாஸ்ரீ, மாதாஸ்ரீ, ப்ராதாஸ்ரீ என்று பாத்திரங்கள் ஒருவரையொருவர் அழைத்தன. தொன்றுதொட்டு வந்தவை போல் ஒலித்த இந்த விளிகள், உருது வீடுகளில் வழங்கும் அப்பாஜான், அம்மிஜான் ஆகியவற்றின் அச்சில் அவர் வார்த்தவை என்பார்கள். நாடெங்கும் பிள்ளைகள் வீட்டில் அப்படியே கூப்பிட்டு விளையாடினார்கள்.

இத்தனை பெரிய கதையை யார் சொல்வது என்பது அடுத்த சிக்கல். ரசா முனிவர் எவரையும் சூத்திரதாரி ஆக்கவில்லை. காலத்தையே பேச வைத்தார். இருண்ட வானத்தில் சுழலும் சக்கரத்தின் பின்னிருந்து ஹரீஷ் பிமானியின் குரல் ஒலித்தது. எல்லாவற்றையும் பார்த்த காலம், யார் பக்கமும் சாயாமல் கதையைச் சொல்லிற்று.

கதையை எங்கே தொடங்கினார் என்பதைக் கவனித்தால் ஆளின் நோக்கம் தெரியும். முதல் பகுதியில் வருபவர் பரத மன்னர். தம் பிள்ளைகள் எவருக்கும் நாடாளும் தகுதி இல்லை என்று கண்டு, வேறொருவரை இளவரசராக்குகிறார். அரசுரிமை பிறப்பால் அல்ல, செயலால் வருவது என்பது அங்கே நாட்டப்படுகிறது. அதன் பிறகு அஸ்தினாபுரத்தில் நடப்பதெல்லாம் அந்த நியதியை மீறியதன் விளைவுகளே. மூதாதையர் கதையாக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தவர்களுக்குச் சமகால அரசியலும் நினைவுக்கு வராமல் போகவில்லை.

முடிவிலும் அப்படியே. அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் தருமனுக்கு ராஜநீதி சொல்கிறார். தாய்நாட்டைப் பங்குபோட மட்டும் ஒருக்காலும் இசையாதே என்று அவர் சொல்லும் இடம், 'ஆதா காவ்' எழுதிய கையிலிருந்து வந்தது என்பது படித்தவர்களுக்குப் புலனாகும். பங்கிட்டுக் கொடுத்தால் சண்டை தீரும் என்று நம்பித்தான் பாண்டவர்களுக்குக் காண்டவப் பிரஸ்தம் ஒதுக்கப்பட்டது, சண்டை தீரவில்லை.

குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. மயன் மண்டபத்தில் துரியோதனன் தடுக்கி விழும்போது, குருடன் மகனும் குருடனே என்று திரௌபதி நகைப்பதாக வைத்த காட்சி வியாசரில் இல்லை. வழக்கிலிருந்த கதையைத்தான் எடுத்துக்கொண்டார். என்றாலும் அவ்வளவு பெரிய போருக்கு ஒரு பெண்ணின் வாய்த்துடுக்கே காரணம் என்ற எண்ணத்தை அது கோடிக்கணக்கானோர் மனத்தில் பதித்துவிட்டது. சூதாட்டச் சபையில் அதே திரௌபதி பெரியவர்களைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளை எழுதியவரும் அவர்தான் என்பதால் ஓரளவு மன்னிக்கலாம்.

தொடர் வளர வளர ஆசி கூறும் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. வீட்டில் அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கட்டு தனியே இருக்குமாம். இந்துவின் புராணத்தை நீ எப்படித் தொடலாம் என்று கேட்ட இந்துக்களும், நீ ஏன் தொட்டாய் என்று கேட்ட முஸ்லிம்களும் எழுதிய வசவுக் கடிதங்கள் அவை. அந்தக் கட்டு அத்தனை சிறியதாக இருப்பதே தமக்குத் தெம்பு தருவதாக வந்தவர்களிடம் காட்டுவார் என்பார்கள். 2020ல் ஊரடங்கின்போது தூரதர்ஷன் தொடரை மீண்டும் ஒளிபரப்பியது. எழுதியவர் யார் என்று புதிதாகக் கேட்ட ஒரு தலைமுறை அதைப் பார்த்தது.

'மகாபாரத்' முடிந்த பின் 'நீம் கா பேட்' என்ற கிராமத்துத் தொடரை எழுதினார். 'லம்ஹே' பட வசனம் மூன்றாவது பிலிம்பேர் பரிசைத் தந்தது. தமக்கு மூன்று தாய்மார் என்று சொல்லிக்கொள்வார்: பெற்றவள், அலிகர் பல்கலைக்கழகம், கங்கை. வேற்றூரில் உயிர் பிரிந்தால் தம்மைக் காஜிப்பூருக்குக் கொண்டுபோய்க் கங்கையின் மடியில் கிடத்திவிடும்படி உயில் போல ஒரு கவிதையும் எழுதி வைத்திருந்தார்.

1992 மார்ச் 15ஆம் தேதி, 64ஆம் வயதில், பம்பாயில் காலமானார். அயோத்தி மசூதி இடிந்ததையும், அதன் பின் பம்பாய் எரிந்ததையும் அவர் பார்க்கவில்லை.