மலையைக் கற்ற ஜான் மியூர்

நூல்களைப் பயின்று அறிவு பெறுவோர் பலர். நூல்களுக்கு மூலமாகிய இயற்கையையே நேரிற் கண்டு பயில்வோர் சிலர். இவ்விரண்டாம் வகையினருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ஜான் மியூர் என்னும் பெரியார். பட்டம் எதுவும் பெறாது கலாசாலையை விட்டு நீங்கி, மரம் அறுக்கும் ஆலையிற் கூலிக்கு உழைத்தும், ஆட்டு மந்தையின் பின் அலைந்தும் வாழ்ந்த இவர், தம் காலத்து நிலநூற் புலவருள் தலைசிறந்த ஒருவரின் கொள்கையை மறுத்து நின்றார். அவ்வழக்கு எவ்வாறு எழுந்தது, எவ்வாறு தீர்ந்தது என்பதை அறிதல் கல்வி பயில்வார்க்குப் பெரிதும் பயன் தருமாதலின், இவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

மியூர் 1838-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்துக் கடற்கரையூராகிய டன்பாரில் பிறந்தார். இவர் தந்தையார் டேனியல் மியூர் சமயப்பற்று மிக்கவர். கண்டிப்பில் அதனினும் மிக்கவர். நாடோறும் வேதாகம வசனங்களை மனப்பாடம் செய்வித்து, தவறிய வேளைகளில் அடித்துத் திருத்தி வந்தமையால், பதினொரு வயதிற்குள் புதிய ஏற்பாடு முழுவதும், பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியும் சிறுவருக்கு நெட்டுருவாயின. 1849-இல் இக்குடும்பம் அமெரிக்காவிற் குடியேறி, விஸ்கான்ஸின் நாட்டில் காட்டைத் திருத்திப் பயிர் செய்யத் தொடங்கிற்று.

அங்கே வாங்கிய இரண்டாம் பண்ணையில் நீர் இல்லை. கிணறு தோண்டும் பொறுப்பு இளைஞர் மியூரின் மேல் விழுந்தது. உளியும் சம்மட்டியும் கொண்டு மணற்பாறையைச் சிறிது சிறிதாகக் கொத்தி, திங்கள் பல உழைத்து, ஏறத்தாழ 90 அடி ஆழம் வரை தன்னந்தனியராக அவர் குடைந்தார். ஒரு நாட்காலை, கிணற்றின் அடியில் தேங்கியிருந்த நச்சுக்காற்றால் மயங்கி வீழ்ந்தார். மேலிருந்து தந்தையார் கூவிய குரல் செவியிற் பட, எவ்வாறோ வாளியைப் பற்றி உயிர் தப்பினார். சின்னாட்கள் சென்றபின் மீண்டும் அதே கிணற்றுள் இறக்கப்பட்டார். பாறையின் இயல்பை இவர் முதன்முதற் கற்ற பள்ளி அக்கிணறேயாம் என்று நாம் கூறலாம்.

பகல் முழுவதும் ஏர் உழுத இவருக்கு இரவிற் படிக்க விடை கிடைத்திலது. விடியுமுன் எழுந்து படிக்க மட்டும் தந்தையார் இசைந்தார். மியூர் பனிக்காலத்தும் இரவு ஒரு மணிக்கே எழுந்து, விளக்கொளியில் மரத்தாற் பல பொறிகளை இயற்றலானார். அவற்றுள் ஒன்று குறித்த நேரத்திற் கட்டிலைச் சாய்த்துத் துயில்வோனைத் தரையில் நிறுத்திவிடும்! 1860-இல் மாடிஸன் நகரத்துக் கண்காட்சியில் வைக்கப்பெற்ற இப்பொறிகளைக் கண்டு மக்கள் வியந்தனர். 1861-இல் இவர் அந்நகரத்துச் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். அங்கே இவர் அமைத்த மேசை ஒன்று, ஒவ்வொரு பாடநூலையும் உரிய நேரத்திற்கு மேலே எழுப்பி வைத்து, அந்நேரம் கழிந்ததும் கீழிறக்கி அடுத்ததை எழுப்புமாம். தேர்வு நெருங்கும் காலத்தில் இத்தகைய மேசையை விரும்பாத மாணவர் நம்முள் யாவர்? எஸ்ரா கார் என்னும் ஆசிரியரிடம் இரசாயனமும் நிலநூலும் கற்ற மியூர், 1863-இல் பட்டம் பெறாமலே கலாசாலையை நீங்கினார்.

இவரது வாழ்வைத் திருப்பியது ஒரு விபத்து. 1867-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இண்டியானாபொலிஸ் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கையில், கையிலிருந்த அரம் நழுவி இவரது வலக்கண்ணைக் குத்திற்று. அதன் துன்பத்தால் இடக்கண்ணும் ஒளி குன்றியது. இருட்டறையிற் கிடந்த அவ்வாரங்களில், இனி மலரையும் மலையையும் காணப்போவதில்லையோ என்று இவர் கலங்கினார். பார்வை மீண்டபோது, அதனை ஆலைப் பொறிகளுக்கென்று செலவிடுவதில்லை எனத் துணிந்தார். அவ்வாண்டே கென்டக்கியினின்று பிளாரிடா வரை ஏறத்தாழ 1000 மைல் தூரம் நடந்தார். வழியிற் செடிகொடிகளைத் தொகுத்தார். அங்கே கடுஞ்சுரத்தால் வருந்தினார். 1868-இல் கலிபோர்னியாவை அடைந்தார். அந்நாட்டின் கிழக்கெல்லையில் 400 மைல் நீளம் சுவரென நிமிர்ந்து நிற்பதே சியரா நிவாடா என்னும் மலைத்தொடர். இவர் பெயரும் அம்மலையின் பெயரும் அன்று முதல் பிரியாதனவாயின.

1869-ஆம் ஆண்டு கோடையில், இரண்டாயிரம் ஆடுகள் கொண்ட மந்தையொன்றை மேய்ப்போருடன் மியூர் உயர்மலைப் புல்வெளிகளுக்குச் சென்றார். இடையில் மாவு தீர்ந்தது. அடிவாரத்தினின்று உணவு வருங்காறும் ஆட்டிறைச்சி ஒன்றையே உண்டு, வயிறு நொந்து, உடல் தளர்ந்தனர். அந்நாட்களில் இவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. சுற்றிலும் உண்ணத்தக்க வேரும் கிழங்கும் வித்தும் மலிந்திருக்க, ரொட்டியின்றி வாழ அறியாத தம் அறியாமையை எண்ணி நாணினார். அம்மலையின் பழங்குடி மக்களோ, பெரணித் தண்டினின்றும் அல்லிக் கிழங்கினின்றும் மாப்பொருள் எடுக்கவும், தேவதாருவையொத்த ஊசியிலை மரங்களின் கொட்டைகளைத் தொகுத்து மாரிக்காலத்திற்குச் சேமிக்கவும் அறிந்திருந்தனர்.

அவர்கள் உணவுகளுட் சிறந்தது ஓக்கு மரத்தின் கொட்டை. அது துவர்ப்பு மிக்கது, அவ்வாறே உண்ணலாகாது. அதனை உலர்த்தி, தோல் நீக்கி, கருங்கற்பாறையிற் குழிந்த உரல்களில் இட்டு மகளிர் இடிப்பர். மாவை மணற்பாத்தியிற் பரப்பிப் பன்முறை நீர் ஊற்ற, துவர்ப்பு வடிந்துவிடும். பின்னர், நீர் ஒழுகாது முடைந்த கூடையில் மாவையும் நீரையும் பெய்து, நெருப்பிற் காய்ந்த கற்களை உள்ளே இட்டுக் கூழாகக் காய்ச்சுவர். தலைமுறை பல இடித்தமையாற் குழிந்த அவ்வுரற்பாறைகளை இன்றும் அம்மலையிற் காணலாம். கிழக்குச் சரிவிலுள்ள மோனோ ஏரிக்கரை மக்கள், அலையால் ஒதுங்கும் ஒருவகை ஈயின் கூட்டுப்புழுக்களையும் உலர்த்தி உணவாகக் கொண்டனர்.

இங்கு ஒரு குறையை மறைத்தல் தகாது. இம்மக்களின் உணவறிவை மெச்சிய மியூர், அவர்தம் தோற்றத்தையும் தூய்மையையும் குறித்துத் தம் முதல் நூல்களில் இழிவாகவும் எழுதினார். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை அவர் மனிதக் கை படாத கோயிலெனப் போற்றினார். ஆயின் அங்கு வாழ்ந்த அஹ்வானீச்சி மக்களை 1851-இல் படையொன்று புகுந்து துரத்தியிருந்தது. இக்குறையை, அவர் நிறுவிய சங்கமே 2020-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

இனி வழக்கிற்கு வருவோம். யோசெமிட்டி ஏறத்தாழ 7 மைல் நீளமும் ஒரு மைலுக்குட்பட்ட அகலமும் உடையது. இருபுறமும் கருங்கற் சுவர்கள் 3000 அடிக்கு மேல் செங்குத்தாக உயர்ந்துள்ளன. இத்தகைய பள்ளம் எவ்வாறு உண்டாயிற்று? கலிபோர்னிய நிலநூல் ஆய்வுக் குழுவின் தலைவரும் ஹார்வர்டு கலாசாலைப் பேராசிரியருமாகிய ஜோஸையா விட்னி, பூமியின் அடித்தளம் பெயர்ந்து பள்ளத்தாக்கின் தரை திடுமெனக் கீழிறங்கியதே காரணம் என்று கூறியிருந்தார். 

அப்பள்ளத்தாக்கில் மர ஆலை ஒன்றில் வேலை செய்து வந்த மியூர், ஓய்வு கிடைத்த போதெல்லாம் ரொட்டியும் தேயிலையும் மட்டும் கட்டிக்கொண்டு மலைமேல் ஏறுவார். கம்பளியும் இன்றிப் பாறையிடுக்கில் உறங்குவார். ஆங்காங்கே கற்பரப்புகள் கண்ணாடிபோல் மழமழப்பாயிருத்தலைக் கண்டார். அவற்றின்மேல் ஒரே திசை நோக்கிய கீறல்களையும், தம் இனப்பாறை எதுவும் அண்மையில் இல்லாத பெருங்கற்கள் தனித்துக் கிடத்தலையும், பள்ளங்களின் வாயிலிற் கல்லும் மண்ணும் கரைபோற் குவிந்திருத்தலையும் குறித்துக்கொண்டார். இவை யாவும் பனியாறு சென்ற சுவடுகள். பல்லாண்டு பெய்த பனி இறுகிக் கட்டியாகித் தன் பாரத்தால் மெல்ல நகருங்கால், அடியிற் பற்றிய கற்களால் பாறையை அரம்போல் அராவுகிறது. இதனை மியூர் எடுத்துரைக்க, விட்னியோ அவரைக் கல்லாத ஆட்டிடையர் எனத் தள்ளினார்.

மியூர் வசைக்கு வசை கூறிற்றிலர், சான்று தேடினார். 1871-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மெர்ஸெட் சிகரங்களினிடையே ஓர் ஓடையில் நுண்ணிய சாம்பல்நிறச் சேறு படிந்திருத்தலைக் கண்டு, அது பனியாறு அரைத்த மலைமாவு என உணர்ந்தார். அவ்வோடையின் வழியே ஏறிச் சென்று, உயிருள்ள பனியாறு ஒன்றையே கண்டார். அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் நகரத்துச் செய்தித்தாளொன்றில் இவரது கட்டுரை வெளிவந்தது. அது பனியாறன்று, பழம்பனித் திரளே என்பார் வாயை அடைக்க, 1872 ஆகஸ்டு 21-ஆம் நாள் மக்ளூர்ப் பனியாற்றின் குறுக்கே நேர்கோட்டில் முளைகளை அறைந்தார். அக்டோபர் 6-ஆம் நாள் மீண்டு சென்று அளந்தபோது, நடுவிலிருந்தது 47 அங்குலம் கீழே நகர்ந்திருந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம்! சொல்லால் தீராத வழக்கு முளைக்கோலால் தீர்வழி கண்டது.

ஆயினும் மியூர் முற்றிலும் வென்றார் எனல் உண்மையாகாது. மலைத்தொடர் முழுவதையும் ஒரே பனிப்போர்வை மூடியிருந்தது என்றும், பள்ளத்தாக்கு முழுவதும் பனியின் படைப்பே என்றும் அவர் சான்றின் எல்லையைக் கடந்து சென்றார். 1930-இல் பிரான்ஸுவா மாத்தெஸ் என்னும் நிலநூலறிஞர் வெளியிட்ட விரிவான ஆராய்ச்சி இதனைத் திருத்திற்று. மலை உயர உயர மெர்ஸெட் ஆறு முதலில் ஆழ அறுத்தது. பின்னர்ப் பனியாறுகள் பன்முறை வந்து அகழ்ந்து அகலமாக்கின. கருங்கல்லின் இயற்கைப் பிளவுகள் அவ்வேலைக்கு வழிகாட்டின. கடைசியாக வந்த பெரும்பனி ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்குமுன் உச்சநிலை அடைந்தது. விட்னியின் கொள்கை வீழ்ந்தது. மியூரின் கொள்கை திருத்தம் பெற்று நின்றது.

மலைப்பனியின் இன்பத்தையும் அச்சத்தையும் ஒருங்கே அறிந்தவர் மியூர். ஒருமுறை யோசெமிட்டியிற் புதுப்பனியினூடே நாள் முழுவதும் வருந்தி ஏறிய சரிவினின்று, பெயர்ந்த பனித்திரளுடன் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அடிவாரம் வந்து சேர்ந்தார். உடலிற் காயம் ஒன்றும் இல்லை! ஆயின் இளவேனிற் பனியை நம்பலாகாது என்பதைச் சாஸ்தா மலை இவருக்குக் கற்பித்தது. 14,000 அடிக்கு மேற்பட்ட அவ்வெரிமலையின் உச்சிக்கு, காற்றின் அழுத்தத்தை அளக்கும் பொருட்டு, 1875 ஏப்ரல் 30-ஆம் நாள் ஜெரோம் பே என்னும் வழித்துணைவருடன் ஏறினார். காலையில் வானம் தெளிந்திருந்தமையால் மேலங்கியும் கொண்டிலர். பிற்பகல் பனிப்புயல் சூழ்ந்தது. உச்சியருகே வெந்நீராவி கக்கும் சேற்றில் இருவரும் மல்லாந்து கிடந்தனர். முதுகு வேகவும் முகம் உறையவும் அவ்விரவைக் கழித்தனர். கால்கள் பனியால் தீய்ந்தன. இக்காலத்தில் இளவேனில்தோறும் பனிச்சறுக்குப் பலகைகளுடன் அம்மலைக்குச் செல்வோர் பலர். அவர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது இவ்வரலாறு.

1880-இல் மணம்புரிந்து, மார்ட்டினெஸ் என்னும் ஊரிற் பழத்தோட்டம் நடத்தி இரு பெண்மக்களை வளர்த்த இவர், காடுகள் வெட்டுண்டு புல்வெளிகள் மந்தைகளால் அழிவதைக் கண்டு பேனாவை எடுத்தார். தாமே ஆடு மேய்த்த இடங்களாதலின் அவ்வழிவை இவர் நன்கறிவார். இவரும் நண்பர்களும் முயன்றதன் பயனாக 1890-இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா அமைந்தது. 1892-இல் சியரா சங்கம் தோன்ற, இறுதி வரை இவரே அதன் தலைவராயிருந்தார். 1903 மே மாதத்தில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இவருடன் மூன்று இரவுகள் அம்மலையில் திறந்தவெளியில் தங்கினார். 1906-இல் பள்ளத்தாக்கும் தேசியப் பூங்காவுடன் சேர்ந்தது.

இறுதிப் போரில் இவர் தோற்றார். அவ்வாண்டே நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்த ஸான்பிரான்ஸிஸ்கோ நகரம், யோசெமிட்டிக்கு வடக்கே அதனையொத்த அழகுடைய ஹெட்ச் ஹெட்ச்சிப் பள்ளத்தாக்கில் அணைகட்டி நீர்கொள்ள விரும்பியது. குடிநீரின்றி நகரம் வாழாது. தேசத்தார் காப்பதாக உறுதிகூறிய இடத்தை மூழ்கடித்தலும் முறையன்று. இருபுறமும் நியாயம் இருந்தமையாலேயே அவ்வழக்கு நாட்டை இரண்டாகப் பிரித்தது. 1913 டிசம்பரில் அணைக்கு இசைவளிக்கும் சட்டம் நிறைவேறியது. ஓராண்டு கழித்து, 1914 டிசம்பர் 24-ஆம் நாள், நுரையீரற் காய்ச்சலால் மியூர் காலமானார். 1923-இல் அணை எழுந்தது. பள்ளத்தாக்கு நீருள் மறைந்தது.

மியூர் முளை அறைந்த பனியாற்றைப் பின்னோர் அளந்து 2013-இல் அறிவித்தபோது, அது மிகவும் மெலிந்திருந்தும், அவர் கண்ட வேகத்திலேயே நகர்ந்துகொண்டிருந்தது. அண்டையிலுள்ள லைல் பனியாறோ நகர்தலை நிறுத்திவிட்டது. நூறாண்டு கடந்தும் இவ்வொப்பீடு செய்யக் கூடியது, அன்று ஒருவர் ஐயத்தை வாதத்தால் அன்றி அளவுகோலால் தீர்க்க முனைந்தமையாலன்றோ? விட்னி கல்வியிற் குறைந்தவரல்லர். சுவடு கிடந்த பாறையைக் குனிந்து பார்க்கவில்லை. மியூர் குனிந்து பார்த்தார்; பார்த்ததற்கு மேலும் சிறிது கூறிவிட்டார். இவ்விருவர் குறையையும் நீக்கி, இவ்விருவர் முயற்சியையும் கொள்வோமாயின், நாம் பயிலும் கல்வி பட்டத்தோடு நில்லாது வளரும் என்க.