படுக்கையறையில் பதிவான பாட்டு

இசைத்தட்டு என்றதும் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களும், விலையுயர்ந்த கருவிகளும், அவற்றை இயக்கும் வல்லுநர்களுமே நம் கண்முன் வந்து நிற்கின்றனர். ஆனால் உலகம் போற்றும் இசைத்தட்டு ஒன்று, வீட்டு வேலை செய்து பிழைத்த ஒரு பாட்டியின் படுக்கையறையில் பதிவாயிற்று என்றால் நாம் வியப்படையாமல் இருக்க முடியுமா? அந்தப் பாட்டியே எலிசபெத் காட்டன் அம்மையார். கிதார் பயிலும் நம் தோழியர் பலர் அவருடைய பாட்டை அறிவர். அவர் வரலாற்றை அறிந்தவர் சிலரே. அதனைச் சுருக்கமாக இங்கே காண்போம்.

அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்தில் சாப்பல் ஹில் என்னும் ஊரை அடுத்த கார்போரோவில், 1893-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 5-ஆம் நாள் அவர் பிறந்தார். உடன் பிறந்தோர் ஐவரில் இவரே இளையவர். அடிமைத்தளை சட்டப்படி நீங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கறுப்பின மக்களுக்குக் கல்வியும் நல்ல வேலையும் எட்டாக் கனிகளாக இருந்தன. வீட்டில் அவரைச் சின்னத் தங்கை என்னும் பொருளில் செல்லமாக அழைத்து வந்தனர். பள்ளியில் ஆசிரியை பெயர் கேட்டபோது, எலிசபெத் என்னும் பெயரை அச்சிறுமி தானே தனக்குச் சூட்டிக் கொண்டாள் என்பர். அந்தப் பள்ளி வாழ்வும் நீடிக்கவில்லை. ஒன்பது வயதளவில் படிப்பை விட்டு வீட்டு வேலைக்குச் செல்ல நேர்ந்தது.

ஆயினும் இசை அவரை விடவில்லை. அண்ணன் வேலைக்குச் சென்ற நேரம் பார்த்து அவருடைய பாஞ்சோவை எடுத்து வாசித்துப் பழகினாள் சிறுமி. அவளுக்கோ இடக்கைப் பழக்கம், கருவியோ வலக்கைக்காரருக்கானது. நரம்புகளை மாற்றிக் கட்ட வழியில்லை. ஆகவே கருவியை அப்படியே திருப்பிப் பிடித்துக் கொண்டாள்! பின்னர், மாதம் ஒரு டாலருக்கு மேற்படாத கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, 3 டாலர் 75 சென்ட் விலையில் தனக்கென ஒரு கிதார் வாங்கினாள். அதையும் தலைகீழாகவே வாசித்தாள். மற்றவர்கள் கட்டை விரலால் கனத்த நரம்புகளையும் பிற விரல்களால் மெல்லிய நரம்புகளையும் மீட்டுவர். இவரோ விரல்களால் கனத்த நரம்புகளை மீட்டித் தாளம் காத்து, கட்டை விரலால் மெட்டை இசைத்தார். கற்றுத் தர யாரும் இல்லாத குறையே அவருக்கென ஒரு தனி வழியை அமைத்துத் தந்தது. அந்த வாசிப்பு முறைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

அவர் வீட்டருகே ரயில் பாதை ஒன்று இருந்தது. இரவில் சரக்கு வண்டிகள் ஓடும் ஓசையைக் கேட்டு வளர்ந்த அச்சிறுமி, பதினொன்று பன்னிரண்டு வயதிலேயே அந்த வண்டியைப் பற்றி ஒரு பாட்டை இயற்றினாள். ஃபிரைட் டிரெயின் என்று இன்று உலகெங்கும் பாடப்படும் பாட்டு அதுதான்.

1910-ஆம் ஆண்டில் தமது 17-ஆம் வயதில் ஃபிராங்க் காட்டன் என்பவரை மணந்தார். லில்லி என்னும் ஒரே மகள் பிறந்தாள். குடும்பப் பொறுப்பு ஒரு புறம். உலகியல் பாட்டுகளை விட்டுவிட வேண்டும் என்று அவர் சார்ந்திருந்த ஆலயத்துப் பெரியவர்கள் சொன்ன அறிவுரை மறு புறம். கிதார் மெல்ல மெல்ல மூலைக்குச் சென்றது. எப்போதாவது ஆலயத்தில் வாசித்ததன்றி, பல பத்தாண்டுகள் அவர் அதைத் தொடவே இல்லை. ஒரு பெண்ணின் திறமை அடுப்படியிலும் துணி துவைக்கும் இடத்திலும் யாருக்கும் தெரியாமல் கரைந்து போவது எந்த நாட்டிலும் நடப்பதுதானே!

மகளுக்குத் திருமணமான பின் கணவரைப் பிரிந்த அம்மையார், வாஷிங்டன் நகரில் குடியேறினார். அங்கே ஒரு பல்பொருள் அங்காடியில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தாயைத் தவறவிட்டு அலைந்த ஒரு சிறுமியைக் கண்டெடுத்துத் தாயிடம் சேர்த்தார். அத்தாய் ரூத் கிராஃபோர்ட் சீகர். புகழ் பெற்ற இசையமைப்பாளர். அவர் கணவர் சார்லஸ் சீகர், இசை ஆராய்ச்சி அறிஞர். காணாமல் போன சிறுமி பெகி. இந்த நட்பின் பயனாக அம்மையார் சீகர் குடும்பத்தில் சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் அமர்ந்தார்.

அவ்வீட்டுச் சுவரில் ஒரு கிதார் தொங்கிக் கொண்டிருந்தது. வேலைகளுக்கிடையே ஒரு நாள் அதை எடுத்துத் திருப்பிப் பிடித்து அம்மையார் மீட்டினார். கேட்ட பிள்ளைகள் திகைத்தனர். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் திரட்டுவதையே தொழிலாகக் கொண்ட அக்குடும்பம், அரியதொரு கலைஞர் தம் சமையலறையிலேயே இருந்ததை அன்று வரை அறியவில்லை!

இதற்கிடையே ஒரு வருந்தத்தக்க நிகழ்ச்சி நடந்தது. வளர்ந்து பாடகியான பெகி இங்கிலாந்து சென்று ஃபிரைட் டிரெயின் பாட்டைப் பாடினார். அதைக் கேட்ட வேறு இருவர், அது தாங்கள் இயற்றியது எனப் பதிவு செய்து கொண்டனர். 1957-இல் சாஸ் மக்டெவிட் குழுவினரும் நான்சி விஸ்கியும் பாடி வெளியிட்ட இசைத்தட்டு, அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் 5-ஆம் இடம் வரை ஏறிற்று. பாட்டைப் பெற்ற தாயோ வாஷிங்டனில் பாத்திரம் துலக்கிக் கொண்டிருந்தார். சீகர் குடும்பத்தார் அவருக்காகப் போராடினர். சட்டத்தின் வழியே சமரசம் ஏற்பட்ட பிறகே அம்மையாரின் பெயரும் அப்பாட்டுக்கு உரியதாயிற்று.

அதே 1957-ஆம் ஆண்டில்தான் பெகியின் அண்ணன் மைக் சீகர் ஒரு நற்செயலைத் தொடங்கினார். நாடாப் பதிவுக் கருவியை அம்மையாரின் வீட்டுக்கே கொண்டு சென்று, அவருடைய படுக்கையறையில் வைத்து, அவர் குரலையும் கிதாரையும் பதிவு செய்தார். கூடம் இல்லை, பக்க வாத்தியம் இல்லை. 1958-இல் ஃபோக்வேஸ் நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. அப்போது அம்மையாருக்கு வயது 65.

படுக்கையறையில் பதிவு செய்தால் நன்றாக அமையுமா என்று நமக்கு ஐயம் எழலாம். உண்மையில் அது பொருத்தமான இடமே. வெற்றுச் சுவர்கள் ஒலியைத் திருப்பி எறிந்து எதிரொலி உண்டாக்கும். மெத்தை, போர்வை, திரைச்சீலை, தொங்கும் ஆடைகள் ஆகியவை அதை உறிஞ்சிக் கொள்ளும். இன்று மலிவு விலை மைக் ஒன்று இருந்தாலே நாமும் இதைச் செய்து பார்க்கலாம். மைக்கைக் கிதாரின் நடுத்துளைக்கு நேரே வைத்தால் ஓசை குமுறும். கழுத்துப் பகுதி உடலோடு சேரும் இடத்தை நோக்கி, ஏறத்தாழ ஓர் அடி தள்ளி வைத்தால் தெளிவாக இருக்கும். ஒரே மைக்கில் குரலும் கிதாரும் பதிய வேண்டுமானால், அதைச் சற்று மேலும் கீழும் நகர்த்தியே இரண்டையும் சமன் செய்ய வேண்டும். டைனமிக் வகை மைக் உறுதியானது. சுற்றுச் சத்தத்தை அவ்வளவாக வாங்காது. ஆனால் அருகில் சென்று பாட வேண்டும். கண்டென்ஸர் வகை, நரம்பில் நகம் படும் நுண்ணிய ஒலியையும் பிடிக்கும். கூடவே மின்விசிறியின் இரைச்சலையும் பிடித்துவிடும். ஆகவே விசிறியை நிறுத்தி, மிக உரத்துப் பாடும் இடத்திலும் ஒலி சிதையாதபடி அளவைக் குறைத்து வைத்து, முதலில் ஒரு முறை சோதித்துப் பார்த்தல் நலம். மற்றவை பாடுபவரின் உள்ளத்தையும் கேட்பவரின் பொறுமையையும் பொறுத்தவை.

அந்த இசைத்தட்டு வெளிவந்த பின் அம்மையாரின் வாழ்வு புது வழியில் திரும்பிற்று. 1960-களில் மைக் சீகருடன் கல்லூரி அரங்குகளிலும், நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவிலும் மேடை ஏறினார். கொள்ளுப்பேரக் குழந்தைகளையும் அவர் மறக்கவில்லை. ஷேக் ஷுகரீ என்னும் பாட்டுக்கு அக்குழந்தைகளே ஆளுக்கு ஓர் அடியாகச் சொற்களைக் கோத்துக் கொடுத்தனர். 1967-இல் வெளிவந்த இசைத்தட்டில் அதைப் பாடியவள், 12 வயதான கொள்ளுப்பேத்தி. பாட்டியின் பெயரைத் தாங்கிய தட்டில் பேத்தியின் குரல்!

இசையால் ஈட்டிய பொருளைக் கொண்டு, நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் அம்மையார் சொந்த வீடு வாங்கினார். 1984-இல் நாட்டின் மரபுக் கலைஞர்களுக்கான தேசிய விருதும், 1985-இல் கிராமி விருதும் அவரை வந்தடைந்தன. அப்போது அவர் 90 வயதைக் கடந்திருந்தார். 1987-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் தமது 94-ஆம் வயதில் மறைந்தார். 2022-இல் ராக் இசைப் பெருமக்கள் மன்றத்திலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

தோழியரே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? திறமைக்கு வயதில்லை என்பது ஒன்று. அதனினும் முக்கியமானது மற்றொன்று. அம்மையாரின் பாட்டு காற்றில் உலவிய வரையில் அது பிறருடைய பெயரில் விற்கப்பட்டது. ஒருவர் அவர் வீடு தேடிச் சென்று, அமர்ந்து கேட்டுப் பதிவு செய்து, அவர் பெயரோடு வெளியிட்ட பிறகோ, அந்தக் குரலும் அந்தக் கைவண்ணமும் யாருடையவை என்பதை யாராலும் மறுக்க முடியாமற் போயிற்று.

நம் வீட்டுப் பாட்டிமாருக்குத் தாலாட்டு தெரியும். நம் வீட்டில் வேலை செய்யும் அக்காளுக்கு நடவுப் பாட்டு தெரிந்திருக்கலாம். நாம் கேட்டதுண்டா? இன்று நம் இல்லங்களில் உள்ள கைப்பேசியே ஒரு பதிவுக் கருவி. இந்த விடுமுறையில் விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, அவர்கள் அனுமதியோடு ஒரு பாட்டையேனும் பதிவு செய்வோம். பாடியவர் பெயரையும், ஊரையும், நாளையும் தவறாமல் குறித்து வைப்போம். சுவரில் தொங்கும் கிதாரை யார் எடுத்து மீட்டுவார் என்று யார் அறிவார்? கேட்கும் செவிகளாக நாம் இருப்போமாக!