வயலில் சீட்டுக் குலுக்கியவர்

ஒரு பாத்தியில் புது ரகம், பக்கத்துப் பாத்தியில் பழைய ரகம். அறுவடையில் புதுசு கூடுதலாக மகசூல் கொடுத்துவிட்டது. ரகம் ஜெயித்தது என்று சொல்லிவிடலாமா? அந்தப் பாத்தியின் மண்ணே கொஞ்சம் வளமாக இருந்திருந்தால்? அதை நம்பி விதைக்கிற விவசாயி ஏமாந்து போவாரே! இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ரொனால்டு ஃபிஷர்.

1890-ல் லண்டனில் பிறந்தார். சின்ன வயசிலேயே பார்வை மோசம். விளக்கு வெளிச்சத்தில் படிக்கத் தடை. அதனால் காகிதம் இல்லாமல் மனசுக்குள்ளேயே கணக்குப் போடப் பழகினார். கேம்பிரிட்ஜில் கணிதம் முடித்தார். முதல் உலகப் போரில் பட்டாளத்தில் சேரப் போனவரை, கண் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சில வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார்.

1919-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. அங்கே பிராட்பாக் வயலில் 1843 முதல் கோதுமைச் சோதனை நடந்துவந்தது. விளைச்சல் கணக்குகள் மலைபோல் குவிந்திருந்தன. வானிலை, மண்ணின் சத்துக் குறைவு, களை எல்லாம் கலந்து கிடந்த அந்த எண்களைப் பிரித்துப் பார்த்தார். அறுவடைக்குப் பிறகு கணக்குப் போட்டால் போதாது, விதைக்கும் முன்பே திட்டம் வேண்டும் என்பது அவர் வகுத்த வழி.

முறை எளிமையானதுதான். வயலைத் தொகுதிகளாகப் பிரி. ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகத்தையும் போடு. எந்த ரகம் எந்தப் பாத்திக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய். ஒரே ரகம் பாத்திக்குப் பாத்தி எவ்வளவு வேறுபடுகிறது என்று பார். ரகங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம் அதைவிடத் தெளிவாகப் பெரிசாக இருந்தால்தான் நம்பு. நாம் ‘அனோவா’ என்று படித்தது இதைத்தான். 1925-லும் 1935-லும் வந்த அவர் புத்தகங்கள் இதை உலகமெங்கும் கொண்டுபோயின.

குறையும் உண்டு. அவர் ஆதரித்த இனமேம்பாட்டுக் கொள்கை காரணமாக, அவர் நினைவாக வைத்த கண்ணாடி ஜன்னலை அவர் படித்த கல்லூரியே 2020-ல் அகற்றியது. 1950-களில், புகைப்பதால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பது நிரூபணமாகவில்லை என்று வாதாடினார். மனுஷர்களைச் சீட்டுக் குலுக்கிப் புகைக்க வைக்க முடியாதே! வேறு வழிகளில் சான்று குவிந்த பிறகும் மாறவில்லை. அவரும் பைப் புகைப்பவர்தான். 1962-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் காலமானார்.

இளைய நண்பர்களே, நாளை டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போது, நல்ல ரிசல்ட் என்றால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஜெயித்தது ரகமா, பாத்தியா என்று கேளுங்கள். நமக்குப் பிடித்த முடிவாக இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள்.