தம்மிலிருந்து தொடங்கிய கலீபா

ஹஜ்ரத் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் உமைய்யா அரச குடும்பத்துச் செல்வர். தாய்வழியில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் வழித்தோன்றல். இளமையில் அவர்கள் உடுத்திய உயர்ந்த ஆடையும் பூசிய நறுமணமும் ஊரறிந்தவை. ஹிஜ்ரி 87-ல் மதீனாவின் கவர்னரானதும், அங்கிருந்த மார்க்கச் சட்ட மேதைகள் பத்துப் பேரை அழைத்து, அவர்களின் ஆலோசனைக்குத் தம்மைக் கட்டுப்படுத்திக் கொண்டார்கள்.

ஹிஜ்ரி 99-ல் (கி.பி. 717) கிலாபத் பொறுப்பு கேளாமலே வந்து சேர்ந்தது. கலீபாவுக்கென அலங்கரித்து நிறுத்திய குதிரைகளை விலக்கிவிட்டு, தமது கோவேறு கழுதையிலேயே ஏறினார்கள்.

அரச குடும்பத்தார் முறைகேடாக வைத்திருந்த சொத்துக்களை மீட்க வேண்டியிருந்தது. உறவினர் வாசலுக்குச் செல்லுமுன் சட்டம் கலீபாவின் வாசலில் நின்றது. முதலில் தம் வசமிருந்த நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு மனைவி பாத்திமா அவர்கள், தம் தந்தை அப்துல் மலிக் அளித்த நகைகளை, கணவரின் சொற்படி பைத்துல்மாலில் சேர்த்தார்கள். அதற்குப் பின்னரே மற்றவர்கள் முறை வந்தது. முணுமுணுத்தார்கள், எதிர்த்துக் கேட்க வாயில்லை.

சுமார் இரண்டரை ஆண்டு ஆட்சிக்குப்பின், ஹிஜ்ரி 101-ல், நாற்பது வயதை ஒட்டி வபாத்தானார்கள். அடுத்து கலீபாவான சகோதரர் யஸீத் அந்நகைகளைத் திருப்பித் தர முன்வந்தபோதும் பாத்திமா அவர்கள் ஏற்கவில்லை. கணவர் கண்மூடிய பின்னும் அவர் காட்டிய வழி அந்த வீட்டில் நிலைத்து நின்றது.

நாமோ, பஜ்ரு பாங்கு கேட்டும் போர்வைக்குள்ளிருந்தபடியே பிள்ளையைத் தொழுகைக்கு விரட்டுகிறோம்! நம் நப்ஸை முதலில் எழுப்ப அல்லாஹ் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.