கண்ணீர் வற்றிய மர்மத்தைக் கண்டுபிடித்த டாக்டர்!

கண்டாச்சிபுரம் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் வேலை பார்த்துவிட்டு வரும் ஓர் அம்மா, கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது, தண்ணி இல்லாம சோறு இறங்கல, மூட்டெல்லாம் வலிக்குது என்கிறார். நாம் என்ன சொல்வோம்? வெயில், வயசு, வேலை... அப்படித்தானே?

1930-ஐ ஒட்டி, ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஓர் இளம் கண் டாக்டரிடம் இதே மூன்று தொல்லைகளோடு ஒரு பெண் வந்தார். அவர் அப்படி விட்டுவிடவில்லை. அவர்தான் ஹென்ரிக் ஷோகிரென்.

1899 ஜூலை 23-ல் பிறந்தவர். கண்ணை மட்டும் பார்த்து சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால், இப்படிப்பட்ட பெண்களைத் தேடித் தேடிக் குறிப்பெடுத்தார். மொத்தம் 19 பேர். அதில் 13 பேருக்கு மூட்டுவாதம். இது கண்ணோடு நிற்கும் நோயல்ல, உடம்பு முழுக்கப் பரவும் நோய் என்று 1933-ல் ஆய்வேடு எழுதினார். கிடைத்த பரிசு? பல்கலைக்கழக ஆசிரியர் தகுதிக்கு அந்த ஆய்வு போதாது என்று ஒதுக்கிவிட்டார்கள்!

மனுஷன் அசரவில்லை. 1936-ல் யோன்ஷோப்பிங் என்ற ஊருக்குப் போய், மருத்துவமனையில் கண் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1943-ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஒருவர் அந்த ஆய்வேட்டை ஆங்கிலத்தில் பெயர்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1961-ல் ஸ்வீடன் அரசு பேராசிரியர் பட்டம் கொடுத்தது. 1986-ல் மறைந்தார். இன்று அந்த நோய்க்கு அவர் பெயர்தான்: ஷோகிரென் சிண்ட்ரோம்.

நம் நோய் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்குவதுதான் இந்த நோய். பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கே வருகிறது. பலர் கவனிக்காத இடம், நுரையீரல். மூச்சுக்குழாய் வறண்டால் சளி கெட்டியாகி, வறட்டு இருமல் விடாமல் படுத்தும். சிலருக்கு நுரையீரல் திசுவே வீங்கி, தழும்பேறி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அதில் ஒன்றும் இல்லை, இருமலும் போகவில்லை என்றால், கண், வாய் வறட்சியையும் மூட்டுவலியையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன், நுரையீரல் செயல்திறன் பரிசோதனை செய்வார்கள். விழுப்புரம் பக்கத்து மக்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தூரம்தான். ஆரம்பத்திலேயே தெரிந்தால், நுரையீரல் மேலும் கெடாமல் தடுக்க மருந்து உண்டு.

ஷோகிரென் பிறந்த ஜூலை 23-ஐத்தான் இந்த நோய்க்கான உலக விழிப்பு உணர்வு தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். கண், வாய், மூட்டு என்று தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்துப் பார்த்தார் அவர். உங்கள் வீட்டு அம்மாவின் இருமலையும் அப்படிச் சேர்த்துப் பாருங்களேன்!